மடக்கு சைக்கிளும் கடைசி மூன்று கிலோமீட்டரும்

இந்தியச் சட்டங்களில் ‘சைக்கிள்’ என்ற சொல் எங்கே வரும் என்று கேட்டால் சாலை விதி, வாகன வரி என்றுதான் யாரும் சொல்வார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் அது வருகிறது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2015இல் ஒரு திருத்தம் நிறைவேறி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 3(1)(இசட் ஏ) என்று ஒன்று இருக்கிறது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுத்தால் குற்றம். செருப்பு போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுத்தாலும் குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பி முடித்த பிறகு, இந்த நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து ‘சைக்கிளில் போகிறவனை இறக்காதே’ என்று எழுத வேண்டியிருந்தது. சும்மா எழுதவில்லை. ‘கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை’ என்று 2006இல் வந்த ஆய்வு நூல், 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த கள ஆய்வு, சைக்கிள் ஓட்டத் தடை என்பதைத் தீண்டாமையின் வடிவங்களில் ஒன்றாகவே பதிவு செய்திருக்கிறது. சமூகவியல் படிக்கும் தோழர்கள் நூலகத்தில் தேடி எடுத்துப் படியுங்கள்.

இந்தக் கட்டுரை மடக்கு சைக்கிளைப் பற்றியது. ஃபோல்டிங் சைக்கிள். நடுவில் ஒரு கீல் வைத்து இரண்டாக மடித்து, ஹேண்டில்பாரையும் மடக்கி, சீட்டை உள்ளே இறக்கி, ஒரு பெட்டிபோல ஆக்கிக் கையில் தூக்கிக்கொள்ளலாம். நான் மூன்று வருடமாக ஒன்று வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கியது. 20 இன்ச் சக்கரம், ஆறு கியர், பதின்மூன்று கிலோ. ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், இறங்கிய இடத்தில் விரித்து, வேலைக்காகக் கிராமங்களுக்கு ஓட்டிப் போகிறேன்.

மாணவர் முகாம்களுக்கு இதில் போய் இறங்கும்போது இரண்டு கேள்விகள் வரும். “அக்கா, இது சர்க்கஸ்ல ஓட்டுற சைக்கிளா?” என்பது ஒன்று. அது பிரச்சினையில்லை, எல்லாரும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டால் தீர்ந்துவிடும். இன்னொன்று, கொஞ்சம் கோபத்தோடு வருவது. “இது பணக்காரங்க பொம்மைக்கா. ஈசிஆர்ல ஞாயித்துக்கிழமை ஓட்டுறவங்களுக்கானது. நமக்கும் இதுக்கும் என்ன?” இந்தக் கோபம் நியாயமானது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ராணுவங்கள்தான் சைக்கிளை மடக்க முதலில் ஆசைப்பட்டவை. பிரெஞ்சு ராணுவம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே முயன்றது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாராசூட் படைக்கு பிஎஸ்ஏ கம்பெனி மடக்கு சைக்கிள் செய்து கொடுத்தது. இன்று நாம் பார்க்கும் மாதிரிகள் 1970களில் பிறந்தவை. லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர் தன் வீட்டு அறையில் வைத்துச் செய்து பார்த்ததுதான் பிராம்ப்டன். ஜன்னலுக்கு எதிரே தெரிந்த தேவாலயத்தின் பெயரையே வைத்துவிட்டார். அமெரிக்காவில் லேசர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டேவிட் ஹான், பெட்ரோல் நெருக்கடிக் காலத்தில் இதில் இறங்கி, 1982இல் டாஹோன் கம்பெனியைத் தொடங்கினார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் தொழில்நுட்பம் இல்லை. மடக்கு சைக்கிள் ஒரு விதிமுறைக்குச் சொல்லப்பட்ட பதில். லண்டன் ரயில்களில் கூட்ட நேரத்தில் முழு சைக்கிளை ஏற்ற முடியாது, மடித்ததை ஏற்றலாம். ஜப்பானில் சைக்கிளைக் கழற்றியோ மடித்தோ பைக்குள் போட்டால்தான் ரயிலில் இடம். அதற்கென்றே ‘ரிங்கோ’ என்று ஒரு பழக்கமும் பையும் அங்கே இருக்கின்றன. ‘இந்த வடிவத்தில் வந்தால் உள்ளே விடமாட்டோம்’ என்று ஒரு கதவு சொல்கிறது. ‘சரி, வேறு வடிவத்தில் வருகிறேன்’ என்கிறது இந்தச் சைக்கிள். கதவுகளைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பதால், நம் கதவுகளுக்கு வருகிறேன்.

அண்ணல் அம்பேத்கர் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற சிறு நூலைப் பெரும்பாலானவர்கள் படித்திருப்பீர்கள். அதைப் பள்ளிக்கூடத் தண்ணீர், தங்கும் விடுதி என்று நினைவு வைத்திருப்போம். போக்குவரத்து நூலாக ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். 1901. ஒன்பது வயதுப் பையன். அண்ணன், அக்கா பிள்ளை எல்லாருமாக, வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். புதுச் சட்டை, தொப்பி. மசூர் ஸ்டேஷன் வரைக்கும் ரயிலில் எந்தச் சிக்கலும் இல்லை. டிக்கெட் வாங்கியவர் யாராக இருந்தாலும் இன்ஜின் இழுத்துக்கொண்டு போகும். கூட்டிப்போக ஆள் வரவில்லை. யார் நீங்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்கிறார், மகர் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறுகிறது. வெளியே வரிசையாக மாட்டு வண்டிகள் வாடகைக்கு நிற்கின்றன, ஒருவரும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருகிறார். இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் இல்லை.

1929இல் மறுபடியும். இப்போது அவர் வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் பெற்ற பாரிஸ்டர். சாலிஸ்கான் ஸ்டேஷனில் இறங்குகிறார். அவரை வைத்து ஓட்டக் குதிரை வண்டிக்காரர் எவரும் தயாரில்லை. நம் மக்கள் தங்கள் தலைவரை நடக்க வைக்க மனம் வராமல், வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரை உட்கார வைக்கிறார்கள். பாலத்தில் சக்கரம் சிக்கி வண்டி கவிழ்கிறது. அவர் கால் முறிகிறது.

இரண்டு சம்பவத்திலும் ரயில் தன் வேலையைச் செய்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து சேரி வரைக்கும் இருக்கும் கடைசித் துண்டுச் சாலைதான் அவரைக் கவிழ்த்தது. போக்குவரத்துப் பொறியாளர்கள் இதைக் ‘கடைசி மைல்’ பிரச்சினை என்பார்கள். ஷேர் ஆட்டோ, மினி பஸ், ஆப்பில் வாடகைச் சைக்கிள் என்று தீர்வு சொல்வார்கள். அவர்கள் வரைபடத்தில் சாலை இருக்கும், ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்காது.

என் வேலையில் நான் தினமும் பார்ப்பது இந்தக் கடைசி மூன்று கிலோமீட்டரைத்தான். பஸ் ஊருக்குள் நிற்கும். காலனி அதைத் தாண்டி, ஏரிக்கரைப் பக்கமோ சுடுகாட்டுப் பக்கமோ இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் ஒரு கேள்வி வரும். “யார் வூட்டுக்கும்மா?” இதற்குச் சொல்லும் பதிலிலேயே நீ யார் என்பது முடிவாகிவிடும். ஆட்டோவில் ஏறினால் ஆட்டோக்காரர் கேட்பார். காலனிக்கு என்றால் சில ஊர்களில் “அந்தப் பக்கம் ரோடு சரியில்ல” என்பார்கள். ஏற்றிக்கொண்டு போனாலும், நான் எந்த வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தேன், யார் யார் வந்து பேசினார்கள் என்பதெல்லாம் நான் திரும்புவதற்குள் ஊரில் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிடும். பிரச்சினை நடந்த கிராமத்துக்கு உண்மை அறியும் குழுவோடு போனவர்களுக்கு இது விளக்கமாகச் சொல்லத் தேவையில்லை. கார் எடுத்துக்கொண்டு போனால் ‘வெளியாள் வந்து தூண்டிவிடுகிறார்கள்’ என்ற பேச்சு காரைவிட வேகமாகப் போகும்.

சைக்கிளில் போனால் கேள்வி கேட்பவருக்குப் பதில் சொல்ல நிற்க வேண்டியதில்லை. சாதாரண சைக்கிள் இதற்குப் போதாதா என்றால், என்னைப் போல அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்குப் போதாது. ஸ்டேஷனில் ஒரு சைக்கிளைப் பூட்டி விட்டுவைத்துப் பார்த்தேன். முதல் மாதம் சீட் போனது, இரண்டாம் மாதம் சைக்கிளே போனது. மடக்கு சைக்கிள் என்னோடு வந்து என்னோடு திரும்புகிறது. அதைவிட முக்கியமான இன்னொன்று, போன வீட்டில் அதை உள்ளே எடுத்து வைத்துவிடலாம். வாசலில், டீக்கடையில், கோயில் மரத்தடியில் நிறுத்தி வைக்கும் வண்டி ஓர் அடையாளம், ஒரு பிணை. பேசி முடித்து வெளியே வந்தால் டயர் கிழிந்திருக்கும். கிழித்தவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டிலுக்கு அடியில் மடித்து வைத்த வண்டியின் டயரை யாரும் கிழிக்க முடியாது. கம்பெனி விளம்பரங்களில் மடக்கு சைக்கிளின் பயன்கள் என்று அடுக்குவார்களே, அதில் இது கிடையாது.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் இலவச சைக்கிள் என்றால் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று இன்றைய மாணவர்கள் நினைக்கிறீர்கள். அது 2005-06இல்தான் அப்படி ஆனது. 2001-02இல் தொடங்கியபோது ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு மட்டும்தான். எனக்கு அப்படிக் கிடைத்தது. அந்தச் சைக்கிள் இல்லையென்றால் மேல்நிலைப் பள்ளிக்கு நான் போயிருக்க மாட்டேன், இது மிகையில்லை. ஆனால் எங்கள் பள்ளியில் புது சைக்கிளோடு வரும் பெண் என்றால் காலனிப் பெண் என்று எழுதி ஒட்டியதுபோல ஆகிவிட்டது. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே நிறம். ஊர்த் தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம். இறங்கு என்று எல்லா நாளும் யாராவது சொன்னதாக நினைவில்லை. முதல் வாரம் ஒரு பெரியவர் திண்ணையிலிருந்து சொன்னார். “கவருமெண்டு குடுத்தா எங்க தெருவுல மணியடிச்சிக்கினு போவீங்களா?” அதற்குப் பிறகு தெரு முனை வந்தால் கால் தானாகத் தரையில் ஊன்றிவிடும். ஏழு பேர், எட்டு பேர், வரிசையாக, புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. எல்லாருக்கும் சைக்கிள் வந்த பிறகுதான் எங்கள் தங்கைகள் அந்தத் தெருவில் உட்கார்ந்தபடியே போனார்கள். நலத்திட்டம் நமக்கு மட்டும் என்று வரும்போது என்ன ஆகிறது, எல்லாருக்கும் என்று வரும்போது என்ன ஆகிறது என்று எம்.ஏ. வகுப்பில் நாள் கணக்கில் விவாதித்திருக்கிறோம். எனக்கு அதெல்லாம் அந்தத் தெரு முனைதான்.

புதுக்கோட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் குறித்திருக்கும் ஒரு சின்ன விஷயம் எனக்கு மறக்காது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். பார் இருப்பதால் குழந்தையை முன்னால் உட்கார வைக்க வசதி என்று சிலர் அதையே விரும்பினார்கள். விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள். யாரும் ‘உங்களுக்கு ஏற்ற சைக்கிள் இது’ என்று தேர்ந்து கொடுக்கவில்லை. கிடைத்த வண்டியைத் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்டார்கள். மடக்கு சைக்கிளை நான் பார்ப்பதும் அப்படித்தான். அதை நமக்காக யாரும் செய்யவில்லை, அதனால் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் இல்லை.

இனி, எதிர்த்துச் சொல்லப்படுபவை. விலை. புதிதாக வாங்கினால் ஓரளவு நல்ல மடக்கு சைக்கிள் இருபதாயிரத்தைத் தொட்டுவிடும். பிராம்ப்டன் லட்சத்தைத் தாண்டும். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சாதாரண சைக்கிள் இதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். ஆகவே ஆளுக்கொன்று வாங்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வாசிப்பு வட்டமோ மாணவர் அமைப்போ சேர்ந்து செகண்ட் ஹேண்டில் இரண்டு வாங்கி, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் தோழர் வீட்டில் வைத்து, களப்பணிக்குப் போகிறவர்கள் முறை வைத்து எடுத்துப் போகலாம். பெரிய நகரங்களில் ஆர்வத்தில் வாங்கி, நாலு தடவை ஓட்டி, பால்கனியில் தூசு படிய விட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். பாதி விலைக்குத் தருவார்கள்.

அடுத்தது, இன்னும் கனமான எதிர்ப்பு. ஒரு கல்லூரி மாணவர் முகாமில் எழுந்து கேட்டார். “புல்லட் ஓட்டினான்னு கையை வெட்டுறானுங்க. நீங்க சைக்கிள்ல போகச் சொல்றீங்க. அவனுங்க ஆசைப்படுறதும் அதுதானேக்கா?” சிவகங்கை மாவட்டத்தில் 2025 பிப்ரவரியில் ஒரு தலித் கல்லூரி மாணவர் புல்லட் ஓட்டியதற்காகக் கைகளில் வெட்டப்பட்டார் என்று செய்தி வந்த சமயம் அது. அந்தப் பையன் கேட்டதில் ஓர் எழுத்தைக்கூட நான் மறுக்க மாட்டேன். புல்லட் ஓட்ட விரும்புகிறவர் புல்லட்தான் ஓட்ட வேண்டும், ஊர்த் தெரு நடுவில், சத்தம் குறைக்காமல். 1893இல் அய்யன்காளி திருவிதாங்கூரில் வில்வண்டி கட்டிப் பொதுச் சாலையில் ஓட்டியபோது அவருக்கு அந்த வண்டி அவசியமாக இருந்ததால் ஓட்டவில்லை. மேட்டிமைக்காரர்களின் வண்டியாக இருந்ததால்தான் ஓட்டினார். அவர் சைக்கிளில் போயிருக்கலாமே என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஆனால் ஒரு சமூகத்துக்கு ஒரே ஒரு வண்டிதான் இருக்க வேண்டுமா? புல்லட்டுக்கு மாதத் தவணை, பெட்ரோல், லைசென்ஸ், இன்சூரன்ஸ். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அதில் எதுவும் இல்லை. வீட்டில் ஒரு பைக் இருந்தால் அது அண்ணனுடையது, இதை நம் வீடுகளிலும் ஒத்துக்கொள்வோம். சிவகங்கைப் பையனின் உரிமையும், வீட்டில் பைக் சாவி கிடைக்காத தங்கையின் தேவையும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை.

மூன்றாவது எதிர்ப்பு நான் எனக்கே சொல்லிக்கொள்வது. மடங்குவது. துண்டைக் கக்கத்தில் இடுக்கு, குரலைத் தாழ்த்து, தெருவில் இறங்கித் தள்ளு என்று தலைமுறை தலைமுறையாக உடம்பை மடக்கச் சொன்ன இடத்தில், மடங்கும் வண்டியைப் புகழ்ந்து எழுதுகிறேனா? கொஞ்ச நாள் இது உறுத்தியது. இப்போது எனக்கு ஒரு தெளிவு இருக்கிறது. ரயில் பெட்டியில் இடம் குறைவு, அங்கே எல்லாரும் மடக்க வேண்டும், மடக்குகிறேன். ஊர்த் தெரு அகலமானது, அங்கே மடக்கக் காரணம் எதுவும் இல்லை. தெரு முனையில் யாராவது இறங்கச் சொன்னால் அது மரபோ மரியாதையோ இல்லை, கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பிரிவின் கீழ் வரும் குற்றம். புகார் எழுதும்போது பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். ‘தகராறு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிக் கொடுத்தால் இரு தரப்பு மோதல் என்று இரண்டு வழக்காகப் போட்டு முடித்துவிடுவார்கள். சைக்கிளில் போனபோது இறங்கச் சொன்னார், சாதியைச் சொல்லிச் சொன்னார், இந்த இடம், இந்த நேரம் என்று எழுத வேண்டும். வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்பதை 2018 திருத்தம் உறுதிப்படுத்தியிருக்கிறது. ‘விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

பஸ் மட்டும் நமக்கு நடுநிலையான வண்டியாக இருந்ததா என்ன? 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். கலவரத்தின் முடிவில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயரைச் சுமப்பதைவிட, எந்தப் பெயரும் இல்லாமல் ஓடலாம் என்று முடிவானது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் தோழர்களையும் பஸ்ஸை மறித்துத்தான் வெட்டினார்கள். 2021இல் ‘கர்ணன்’ படம் வந்தபோது ‘ஒரு பஸ் நிற்காததற்கு இவ்வளவு கோபமா?’ என்று கேட்டவர்கள் இதையெல்லாம் படிக்காதவர்கள்.

சரி, வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு அனுபவத்தில் சில விஷயங்கள். 16 இன்ச் சக்கரம் மடித்தால் அழகாகச் சின்னதாக ஆகும். ஆனால் நம் கிராமச் சாலைகளின் பள்ளத்துக்கு அது தாங்காது, அந்த அளவு டயரும் எல்லாக் கடையிலும் கிடைக்காது. 20 இன்ச் எடுங்கள். சிறுவர் சைக்கிளுக்கு அந்த அளவில் டயர், டியூப் சின்ன ஊர்களிலும் கிடைக்கும். ஒரே 20 இன்ச் என்று சொன்னாலும் ரிம் அளவில் வித்தியாசம் உண்டு, பழைய டயரின் ஓரத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். வால்வு எந்த வகை என்று கட்டாயம் பாருங்கள். மோட்டார் பைக்குக்கு இருக்கும் அதே வகை வால்வாக இருந்தால் எந்த பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். மெல்லிசான பிரெஸ்டா வால்வு என்றால் கடைக்காரர் உங்களைத்தான் பார்ப்பார். கீலும் அதன் தாழ்ப்பாளும்தான் வண்டியின் உயிர், ஒவ்வொரு முறை விரித்த பிறகும் பூட்டியிருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். சின்னச் சக்கரம் பள்ளத்தில் குதிக்கும், ஹேண்டில் கொஞ்சம் துள்ளும், இரண்டு நாளில் பழகிவிடும். கோட்டம் எடுக்கத் தெரிந்த பழைய சைக்கிள் கடைக்காரர் ஒருவரைச் சிநேகம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழில் நம் கண் முன்னால் அழிந்துகொண்டிருக்கிறது.

ரயிலில் இரண்டாம் வகுப்புப் பயணி 35 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம், எடை நமக்குப் பிரச்சினையில்லை. பெட்டிகளுக்குச் சொல்லியிருக்கும் அளவு 100க்கு 60க்கு 25 சென்டிமீட்டர். மடித்த 20 இன்ச் வண்டியின் தடிமன் அதைத் தாண்டும். அதனால் ஒரு பழைய போர்வையைத் தைத்து உறை போட்டுவிடுங்கள், சைக்கிள் என்று தெரியாதவரை அது மூட்டைதான். கூட்ட நேரப் பாசஞ்சரில் ஏற்றாதீர்கள். அங்கே காய்கறிக் கூடையோடும் மீன் அன்னக்கூடையோடும் ஏறும் அம்மாக்களுக்குத்தான் முதல் உரிமை.

பயணம் என்ற வகையிலும் இதைச் சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் மடக்கு சைக்கிளைச் சூட்கேசில் அடைத்து விமானத்தில் ஏற்றி நாடு நாடாகச் சுற்றுகிறார்கள். நமக்கும் சுற்றிப் பார்க்க இடம் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த கீழவெண்மணிக்கு, திருவாரூர் - நாகப்பட்டினம் தடத்தில் கீழ்வேளூரில் இறங்கி தேவூர் வழியாக ஓட்டிப் போகலாம். டெல்டா தட்டையான பூமி, மேடு கிடையாது, எதிர்க்காற்றுதான் வாட்டும். கொடிநாளில் வேனில் போய் மாலை போட்டுத் திரும்புவது ஒன்று. வேறொரு சாதாரண நாளில், இரண்டு பக்கமும் வயலைப் பார்த்துக்கொண்டு, இந்த நிலம் யாருடையதாக இருந்தது, கூலி எவ்வளவு கேட்டார்கள் என்று யோசித்தபடி மெதுவாக ஓட்டிப் போவது வேறு. மதுரையிலிருந்து மேலூருக்கு பஸ்ஸில் போய், மேலவளவு ‘விடுதலைக் கள’த்துக்கும் இப்படிப் போகலாம். வரலாற்றுத் துறை மாணவர்கள் யாராவது இந்த இடங்களுக்கெல்லாம் ஒரு சைக்கிள் வரைபடம் போட்டால் நன்றாக இருக்கும்.

கேட்டுப் பெற வேண்டியவையும் இருக்கின்றன. கொச்சி மெட்ரோ 2020இல் சாதாரண சைக்கிளையே உள்ளே விட்டது. பெங்களூரு மெட்ரோ 2022இல் அளவும் எடையும் சொல்லி மடக்கு சைக்கிளுக்கு அனுமதி கொடுத்தது. இதெல்லாம் ஐ.டி. ஊழியர்களை நினைத்துச் செய்தவை என்று எனக்குத் தெரியும். சென்னையில் இந்தக் கேள்வியை வேறு இடத்திலிருந்து கேட்க வேண்டும். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து நம் மக்களைப் பிடுங்கி, 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகரிலும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டுக்கும் ரயில் கிடையாது. வேலையும் பள்ளியும் பழைய இடத்திலேயே இருக்க, வீடு மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. 2021இலிருந்து பெண்களுக்கு பஸ் இலவசம் என்பது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பஸ் ஸ்டாப்பிலிருந்து வேலை செய்யும் வீடு வரைக்கும், பஸ் இல்லாத விடியற்காலை நான்கு மணிக்கும் அது உதவாது. அடுக்குமாடிக்குக் கீழே நிறுத்திய சைக்கிள் காலையில் இருக்காது. மேலே தூக்கிப் போகலாம் என்றால் லிஃப்ட் வேலை செய்ய வேண்டும், ஏழாவது மாடிக்குப் பதின்மூன்று கிலோவைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே மடக்கு சைக்கிள் கொடுங்கள் என்பது அங்கே முதல் கோரிக்கை இல்லை. லிஃப்ட், கீழே பூட்டிவைக்க ஒரு கொட்டகை, ஒரு விளக்கு, இவைதான் முதலில்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அரசு பஸ்ஸில் மடித்த சைக்கிளுக்கு ஒரு நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் போடுகிறார், இன்னொருவர் சும்மா விடுகிறார், மூன்றாமவர் ஏறவே விடுவதில்லை. உங்கள் மாவட்டப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, இதற்கு எழுத்தில் விதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இருப்பவர்கள், விடுதியில் சைக்கிள் நிறுத்தக் கூரை போட்ட இடம் உண்டா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று மாவட்ட நல அலுவலருக்கு இன்னொரு மனு போடுங்கள். காப்பாளர் கோபப்படுவார், தனியாகக் கையெழுத்துப் போடாமல் பத்துப் பேராகப் போடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முப்பது நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.